லைக் வேறு, வியாபாரம் வேறு

இரவு எட்டரை மணி. சமையலறை வேலை ஓய்ந்து பெண்கள் செல்போனைக் கையில் எடுக்கும் நேரம். ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் சேலை 'லைவ்' தொடங்குகிறது. அடுக்கிலிருந்து ஒரு சேலையை உருவி, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எம்.எஸ். புளூ கலர், அரக்கு பார்டர், ப்ளவுஸ் அட்டாச்டு, சிங்கிள் பீஸ்தான் சிஸ்" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் கீழே கமென்ட்டுகள் ஓடுகின்றன. "பிரைஸ் ப்ளீஸ்." "சிங்கப்பூருக்கு அனுப்புவீங்களா?" "அக்கா, லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக் காட்டுங்க." கேமராவுக்குப் பின்னால் வீட்டிலுள்ள இன்னொருவர், வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்து எந்தச் சேலை யாருக்கு என்று நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார்.

கடைக்கு அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை. ஒரு செல்போனும் ஒரு ரிங் லைட்டும் போதும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ பேர் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்கிறார்கள். குழந்தைக்காக வேலையை விட்டவர்கள், தறியை நிறுத்த மனமில்லாத நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள். சொந்தமாக ஆன்லைன் கடை ஒன்றைத் திறந்து, அதற்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், பின்ட்ரெஸ்ட் என்று எல்லாவற்றிலும் கணக்குத் தொடங்குகிறார்கள். ஆறு மாதத்தில் பலரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ரீல்ஸை ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள், இதயக் குறி போடுகிறார்கள், ஆர்டர் மட்டும் வரவில்லை.

காரணம் கண்முன்னே இருக்கிறது. பார்ப்பவர் எண்ணிக்கையை நாம் துரத்துகிறோம். பார்த்தவர் அதை இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றும்படி எதையும் செய்வதில்லை. சேலை வியாபாரம் எந்தக் காலத்திலும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வாங்கிய வியாபாரம்தான். செல்போன் வந்ததால் அது மாறிவிடவில்லை.

மூட்டை தூக்கி வந்த அக்கா

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை சேலை மூட்டையோடு தெருவுக்கு ஒரு அக்கா வருவார். ஒரு வீட்டுத் திண்ணையில் மூட்டையைப் பிரிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். தவணைக்குக் கொடுப்பார், சிறு நோட்டில் எழுதிக்கொள்வார். சாயம் போனால் அடுத்த மாதம் அவரிடமே சண்டை போடலாம். அவருடைய முதல், துணி இல்லை. அந்தத் தெருவில் அவருக்கு இருந்த பேர்.

வாட்ஸ்அப் வந்தபோது அந்த வியாபாரம் அப்படியே அதற்குள் குடிபெயர்ந்தது. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை, திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டி, குஜராத்தின் சூரத் என்று உற்பத்தி நடக்கும் ஊர்களிலிருந்து படங்கள் மொத்த வியாபாரியின் குரூப்பில் விழும். 'ரீசெல்லர்' என்று அழைக்கப்படும் பெண்கள் தங்கள் பங்குக்கு ஒரு தொகையைக் கூட்டி, அதே படத்தைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். கையில் சரக்கு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நடைமுறையைக் கண்டுதான் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் இருவரும் 2015-ல் தொடங்கிய நிறுவனம் மீஷோவாக வளர்ந்தது. 2019-ல் ஃபேஸ்புக்கே அதில் முதலீடு செய்தது. இந்தியத் தொடக்க நிறுவனம் ஒன்றில் ஃபேஸ்புக் போட்ட முதல் முதலீடு அது. பிற்பாடு மீஷோ, ரீசெல்லர்களைத் தாண்டி வாங்குவோரிடமே நேராகப் போகத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்களின் வாய்ச்சொல்லை நம்பி வளர்ந்த ஒரு நிறுவனம்கூட, வாடிக்கையாளர் முகவரி தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்ததைச் சின்னக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

யார் கண்ணில் படும்?

2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஃபேஸ்புக்கில் இனி குடும்பத்தினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னுரிமை. வணிக நிறுவனங்களின் பதிவுகள் குறைவாகவே தெரியும் என்றார். அதற்கு முன் பணம் செலவழித்து 'பேஜ் லைக்' சேர்த்தவர்களுக்கு அது பேரிடி. பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் போட்ட பதிவு பத்தாயிரம் பேருக்கும் போய்ச் சேரும் என்று இன்றைக்கும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போவதில்லை. மீதிப் பேருக்குக் காட்ட வேண்டுமானால் விளம்பரக் காசு கட்ட வேண்டும்.

காசு கட்டாமல் பரவ ஒரு வழி இருக்கிறது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் அதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வீடியோவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் அதை வேறொருவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியமான அளவுகோல்கள். நம்மைப் பின்தொடராத புதியவர்களிடம் போய்ச் சேர, 'அனுப்புதல்' லைக்கைவிடக் கூடுதலாக உதவும் என்பது அவர் தந்த விளக்கம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 'புதிய கலெக்‌ஷன் வந்துவிட்டது, டிஎம் பண்ணுங்க' என்ற வீடியோவை ஒரு பெண் தன் தங்கைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்ப மாட்டார். 'வளைகாப்புக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள பச்சை சேலை தேடுறியே, இதப் பாரு' என்று அனுப்புவார். 'பட்டுச் சேலையில எண்ணெய்க் கறை பட்டா என்ன செய்யணும்னு சொல்றாங்க' என்று அனுப்புவார். 'நம்ம ஊர்த் தறியடி' என்று அனுப்புவார். அனுப்புகிறவருக்கு ஒரு காரணம் கிடைத்தால்தான் பகிர்வு நடக்கும். அந்தக் காரணத்தைத் தேடிக் கொடுப்பதுதான் கடைக்காரரின் வேலை. பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே, விலை வாரியாக, விசேஷம் வாரியாகப் பிரித்துக் காட்டுகிற கடைகள் பிழைப்பதும், தினம் இருபது படத்தைக் கொட்டுகிற கடைகளை மக்கள் 'மியூட்' செய்வதும் இதனால்தான்.

மயில் கழுத்தை எப்படிக் காட்டுவது?

நெசவில் நீள இழையான பாவு ஒரு நிறம், குறுக்கு இழையான ஊடை ஒரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில் கழுத்து நிறம் பிறக்கும். நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் நீலம். மடிப்பு அசைந்தால் பச்சை. ஒரு போட்டோ இதில் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கும். அதைப் பார்த்து வாங்கியவர், பார்சலைப் பிரித்ததும் 'கலர் வேற மாதிரி இருக்கே' என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே சேலையை ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில், கையில் பிடித்து மெல்ல அசைத்து ஒரு பத்து விநாடி வீடியோ எடுத்தால் இரண்டு நிறமும் தெரியும். ஃபில்டர் போடக் கூடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியையோ தாளையோ வைத்தால், கேமரா நிறத்தை எவ்வளவு திரித்திருக்கிறது என்பது பார்ப்பவருக்கே புரிந்துவிடும்.

அடுத்து, பின்பக்கம். நல்ல நெசவு தெரிந்த நம் பாட்டிமார் கடையில் முதலில் செய்தது சேலையைத் திருப்பிப் பார்ப்பதுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், மூன்று நாடா ஓட்டி, நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்து இணைக்க வேண்டிய வேலை. உடலும் கரையும் சேரும் இடத்தைக் கிட்டத்தில் காட்டி, திருப்பியும் காட்டினால், ஏன் அந்த விலை என்று தனியாக வாதாட வேண்டியிருக்காது.

மதுரைச் சுங்குடி இன்னொரு உதாரணம். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியை விரல் நுனியில் கிள்ளி எடுத்து, நூலால் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் முக்கிக் காய்ந்த பிறகு முடிச்சை இழுத்து அவிழ்க்கும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெள்ளைப் புள்ளியாக விரியும். புவிசார் குறியீடு பெற்றது இந்தக் கைவேலைதான். சந்தையில் 'சுங்குடி' என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அச்சுப் போட்டவை. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முடிச்சு அவிழும் அந்த இழுப்பை ஒரு வீடியோ காட்டிவிடும். பார்த்தவர் நான்கு பேருக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார். விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் பல ஆயிரம் கொடுத்து எடுக்கும் வீடியோவைவிட இது கூடுதலாகப் பேசும். உண்மையாக வேலை நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது. நெசவாளர் குடும்பத்துப் பிள்ளைகள் மற்றவர்களின் சினிமாப் பாட்டு ரீல்ஸைப் பார்த்துக் காப்பி அடிப்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்றே சொல்லி விற்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விசைத்தறி, செமி சில்க், சாஃப்ட் சில்க் எல்லாவற்றுக்கும் வாங்குபவர் உண்டு. 'பியூர்' என்று சொல்லிச் செமியை அனுப்புவதுதான் தவறு. கைத்தறிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்', பட்டுக்கு 'சில்க் மார்க்' என்று முத்திரைகள் இருக்கின்றன. இருந்தால் அந்த லேபிளையும் வீடியோவில் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள்.

விலையை ஒளிக்காதீர்கள்

'பிரைஸுக்கு டிஎம்' என்ற பழக்கத்தை யார் தொடங்கினார்களோ, சிறு கடைகளுக்கு அவர்கள் நல்லது செய்யவில்லை. கேட்டு எழுதத் தயங்குபவர் நகர்ந்துவிடுவார். ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020, தொழிலாக இணையத்தில் விற்பவர் வரி, அனுப்பும் செலவு உட்பட மொத்த விலையை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. இன்னொன்றும் அதில் உண்டு. பழுதான பொருளையோ, காட்டியதற்கு மாறான பொருளையோ அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பது தவறு. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பான ஏற்பாடு. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது.

பணம் வாங்கும் இடத்தில் கடைக்காரர்களும் ஏமாறுகிறார்கள். ஜிபே செய்ததாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிப்பது பெரிய வித்தை இல்லை. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள்.

லிங்க் போகும் தோரணை

ஆன்லைன் கடை வைத்திருக்கும் பலர் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. உங்கள் கடையின் ஒரு சேலைப் பக்கத்து லிங்க்கை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். சேலையின் படம், பெயர், ஒரு வரி விவரம் எல்லாம் அழகாக ஒரு பெட்டியில் வருகிறதா? அல்லது புரியாத எழுத்துகளாக நீண்டு ஒரு நீல வரி மட்டும் வருகிறதா? பின்னதுதான் என்றால், அதைத் தொடுவதற்கே மக்கள் பயப்படுவார்கள். மோசடி லிங்க்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியைத் தீர்மானிப்பது 'ஓப்பன் கிராஃப்' என்ற குறிப்பு. 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது; இன்று வாட்ஸ்அப் உட்படப் பெரும்பாலான தளங்கள் அதைத்தான் படிக்கின்றன. கடையை வடிவமைத்துக் கொடுத்தவரிடம், ஒவ்வொரு பொருள் பக்கத்துக்கும் தலைப்பு, விவரம், 1200-க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படம் இந்தக் குறிப்பில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். படத்தை மாற்றிய பிறகும் பழையதே வந்தால், ஃபேஸ்புக்கின் 'ஷேரிங் டீபக்கர்' பக்கத்தில் லிங்க்கைக் கொடுத்துப் புதுப்பிக்கலாம். அரைநாள் வேலை. ஆனால் அதற்குப் பிறகு பகிரப்படும் ஒவ்வொரு லிங்க்கும் கடைப் பெயரோடு போகும்.

இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. புரொஃபைலில் இருக்கும் லிங்க்தான் திறக்கும்; ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் வைக்கலாம். முன்பு பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தால்தான் ஸ்டோரியில் லிங்க் வைக்க முடியும். 2021 அக்டோபரிலிருந்து எல்லோருக்கும் அந்த வசதி உண்டு. பின்ட்ரெஸ்ட் நம் ஊரில் அதிகம் பேசப்படாத இடம். ரவிக்கை டிசைனைத் தையல்காரரிடம் காட்டப் பெண்கள் தேடிப் போவது அங்கேதான். அங்கே ஒரு படம் கடை லிங்க்கோடு நிற்கும். மாதங்கள் கழித்தும் தேடுபவர் கண்ணில் படும். யூடியூபும் அப்படித்தான், தேடிக் கண்டுபிடிக்கப்படும் இடம். தலைப்பில் 'நியூ கலெக்‌ஷன் வால்யூம் 47' என்று எழுதினால் யார் தேடி வருவார்கள்? 'நெகமம் காட்டன் சேலை துவைப்பது எப்படி' என்று எழுதினால் வருவார்கள்.

வாட்ஸ்அப்பின் கணக்கு தனி. ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் ஆர்டரை அனுப்பும்போதே 'எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சீட்டை பார்சலில் வைப்பவர்கள் கெட்டிக்காரர்கள். கேட்காமல் குரூப்பில் சேர்ப்பது மட்டும் வேண்டாம். பலர் 'ரிப்போர்ட்' கொடுத்தால் எண் முடங்கக்கூடும். அத்தனை வருடத்து வாடிக்கையாளர் தொடர்பும் அதோடு போகும்.

ஒரே இரவில்

2020 ஜூன் 29. மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அங்கே மட்டும் முகம் காட்டிப் பிழைத்த சிறு வியாபாரிகளுக்கு, சேர்த்து வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். பின்தொடர்பவர்களின் பெயரையோ எண்ணையோ எடுத்துக்கொண்டு வெளியே வர வழியில்லை.

2021 அக்டோபர் 4. இந்திய நேரம் இரவு ஒன்பது மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தே நின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம். 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது' என்று மூன்றிலும் கடை விரித்திருந்தவர்களுக்கு, மூன்றும் ஒரே முதலாளியுடையவை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 2012-ல் இன்ஸ்டாகிராமையும் 2014-ல் வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக் வாங்கியிருந்தது.

ஆகவே இந்தத் தளங்களை வாரச்சந்தையாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அங்கேதான் இருக்கும், போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்கியவரின் பெயர், எண், எந்த நிறம் பிடிக்கும், வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்ற நோட்டு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அவர் சம்மதத்தோடு, அவருக்கு உபயோகமானதை மட்டும் அனுப்ப வேண்டும். எந்தப் பதிவு வழியாக வந்தார் என்பதை அறிய லிங்க்கின் வாலில் 'யூடிஎம்' குறிப்பு சேர்க்கலாம். அதுகூட வேண்டாம், 'எங்களை எப்படித் தெரியும்?' என்று ஆர்டர் எடுக்கும்போது கேளுங்கள். 'என் நாத்தனார் அனுப்பினாங்க' என்று வரும் பதில்களை எண்ணிப் பார்த்தால், எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காசு வாங்கிக்கொண்டு பாராட்டுபவர்கள் பற்றி ஒரு வார்த்தை. பிரபலங்களுக்குப் பணமோ இலவசச் சேலையோ கொடுத்துப் பேசவைப்பதில் தடை இல்லை. அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரிய வேண்டும். விளம்பரத் தர மன்றம் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதைச் சொல்லிவிட்டன. மக்களைத் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. போலி ரிவ்யூ எழுதிக் கொடுப்பவர்களிடம் போவதைவிட, சேலை கட்டிய வாடிக்கையாளரிடம் கேட்டு ஒரு போட்டோ வாங்கிப் போடுவது நல்லது. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையும் வீட்டு வாசல் கோலமுமாக இருக்கும் அந்தப் படத்தை மக்கள் நம்புவார்கள்.

வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம்ப முடியாத விலைக்குப் பட்டு என்று விளம்பரம் வந்தால், அந்தப் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கடைகளின் வீடியோவைத் திருடிப் போட்டு அட்வான்ஸ் வாங்கி மறைகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதோடு ஒரு வேண்டுகோள். ஒரு சேலை பிடித்துப்போய் அதை அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பும்போது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். அதில் கடைப் பெயர் அறுந்துபோகிறது. நான்கு கை மாறினால் யார் நெய்தது, யார் விற்றது என்று யாருக்கும் தெரியாத அநாதைப் படமாகிவிடுகிறது. திருடர்களுக்கு வசதியும் அதுதான். அந்தப் பதிவின் லிங்க்கையே அனுப்புங்கள், 'நான் வாங்கியிருக்கேன், நல்லா இருக்கு' என்று உங்கள் கையால் ஒரு வரி சேர்த்து. சின்னக் கடை ஒன்றுக்கு அதைவிடப் பெரிய விளம்பரத்தை யாராலும் கொடுக்க முடியாது.